'இதர' பெட்டியில 61 சாமான் கிடக்கு, எதை எந்த வகையில போடுறது?

மாடியறை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்து வாசியுங்கோ.

வெள்ளவத்தையில ஒரு வாசிகசாலைக்கு மேல்மாடியில ஒரு அறை இருக்கு. அதைத்தான் நாங்கள் மியூசியம் எண்டு சொல்லுறம். ரெண்டு அலுமாரி, ஒரு கண்ணாடி மேசை, சுவர் முழுக்கத் தட்டு, அவ்வளவுதான். இருபது வருசமா ஆக்கள் வீடு மாறேக்க, வெளிநாடு போகேக்க, அம்மம்மா செத்தாப்பிறகு வீட்டைத் துப்புரவாக்கேக்க, "இதை எறிய மனமில்லைப் பிள்ளை, நீங்கள் வச்சிருங்கோ" எண்டு கொண்டுவந்து தந்தது எல்லாம் சேர்ந்து இப்ப 412 சாமான். போன வருசம் தொடங்கி நானும் கம்பஸ் படிக்கிற ஒரு தம்பியும் சனி ஞாயிறில இருந்து எக்செல்ல ஏத்துறம். 351 முடிஞ்சுது. மிச்சம் 61உம் பழைய ரெஜிஸ்டரில "இதர" எண்ட ஒரு சொல்லோட ஒரே பெட்டியில கிடக்கு.

நாங்கள் பாவிக்கிறது நொமென்கிளேச்சர் எண்ட முறை. 1978இல ரொபேர்ட் செனோல் எண்டவர் அமெரிக்காவில செய்தது, பிறகு கன தரம் திருத்தி இப்ப 10 பெரிய வகை. அதின்ர அடிப்படை விதி ஒண்டுதான்: சாமான் என்னத்தால செய்தது எண்டு பாக்காத, என்ன வேலைக்காகச் செய்தது எண்டு பார். கேக்க லேசாத்தான் இருக்கு, ஆனா இந்தப் பெட்டியைத் திறந்தா ஒவ்வொண்டும் கையில ஒட்டிக்கொண்டு போகமாட்டன் எண்டுது. ஒரு எழுத்தாணி, அதின்ர மற்ற நுனியில கத்தி. ரெண்டு சாண் நீளத்தில ரெண்டு மரக்கட்டை, ஒரு பக்கம் மட்டும் நாரால கட்டினது. ஒரு பித்தளை பொக்கற் மணிக்கூடு, "உள்ளுக்கு மெஷின் இல்லை" எண்டு ரெஜிஸ்டரில எழுதிக்கிடக்கு. ஓட்டை போட்ட ஒரு தண்டவாளத் துண்டு, தூக்க ரெண்டு பேர் வேணும். திரியோட ஒரு ஜாம் போத்தல். மரச்சட்டத்தில பூட்டின அரைச் சைக்கிள். நாணயத் தட்டில இருந்த, ஆனா நாணயம் இல்லாத ஒரு வட்டத் தகரம், நம்பர் அடிச்சது.

10ஆவது வகையே "வகைப்படுத்த ஏலாதவை" எண்டுதான் இருக்கு. தம்பி சொல்லுறான் எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு முடிப்பம் எண்டு. எனக்கு அது ஒத்துக்கொள்ளேல்ல. இதர எண்ட பெட்டியில இருந்து எடுத்து இன்னொரு இதரவுக்குள்ள போடுறதுக்கு நாங்கள் ஏன் ஒரு வருசம் இருந்தனாங்கள்?

தெரிஞ்சவை சொல்லுங்கோ. படம் கேட்டா எடுத்துப் போடுறன்.

அட்டவணை:

பிள்ளை, நான் 31 வருசம் நூலகத்தில பட்டியல் போட்ட ஆள், இப்ப பென்சன். மியூசியம் வேற, புத்தகம் வேற, எண்டாலும் சில விசயம் பொது.

முதல்ல வகையை மறவுங்கோ, நம்பரைப் பாருங்கோ. 61இல ஒவ்வொண்டுக்கும் தனி நம்பர் போட்டாச்சோ? வந்த வருசம், அந்த வருசத்தில எத்தினையாவது ஆள் தந்தது, அவர் தந்ததில எத்தினையாவது சாமான், இந்த மூண்டையும் புள்ளி வச்சு எழுதினாப் போதும், 2009.4.2 மாதிரி. அந்த நம்பருக்குள்ள வகையை நுழைக்கவே கூடாது. வகை நாளைக்கு மாறும், நம்பர் மாறக்கூடாது. "வி-17" எண்டு விளக்குக்கு நம்பர் போட்டு, பிறகு அது விளக்கில்லை எண்டு தெரிஞ்சா என்ன செய்வியள்?

ரெண்டாவது, ஒரு சாமான் ஒரு தட்டிலதான் இருக்கும், ஆனா பட்டியலில பத்து இடத்தில இருக்கலாம். இதை எங்கட ஆள் ஒருத்தர்தான் உலகத்துக்கே வடிவா விளக்கினவர், சீர்காழியில பிறந்த ரங்கநாதன். 1933இல அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள்ள அடைக்காது. பொருள் என்ன, என்னத்தால ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் எண்டு முகம் முகமாப் பிரிச்சுப் பாக்கும். உங்கட எக்செல்லில வகைக்கு ஒரு கட்டம்தான் இருந்தா அதுதான் பிழை. சாமானில பிழை இல்லை.

பனையடி:

தங்கச்சி, அந்த ரெண்டு கட்டையின்ர படம் போடுங்கோ. ஆனா நீங்கள் சொன்ன விதத்திலயே எனக்கு விளங்கிட்டுது எண்டு நினைக்கிறன். கட்டை உள்பக்கம் வழுவழுப்பா, வெளிப்பக்கம் உருண்டையா இருக்கோ? நார் கட்டின பக்கத்தில கட்டையில ஒரு வெட்டு இருக்கோ?

மாடியறை:

ஓம் அண்ணை, ரெண்டுமே சரி! உள்பக்கம் கண்ணாடி மாதிரி. தம்பி அதைப் பாக்கு உடைக்கிறது எண்டு எழுதி வச்சிருக்கிறான். இன்னொரு ஆள் வந்து மூலிகை பிழியிறது எண்டு சொன்னவர்.

பனையடி:

பாக்கும் இல்லை, மூலிகையும் இல்லை. அது பாளை இடுக்கிற கட்டை. ஆண் பனையின்ர பாளை விரல் விரலா வரும், அதை அந்த ரெண்டு கட்டைக்கும் இடையில வச்சு இறுக்கி இறுக்கி நசுக்கி விட்டாத்தான் சாறு இறங்கும். பேந்து நுனியைப் பாளைக்கத்தியால மெல்லிசாச் சீவி முட்டியைக் கட்டி விடுறது. முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினாக் கருப்பநீர், பூசாட்டிக் கள்ளு. அந்தக் கருப்பநீரைக் காய்ச்சித்தான் பனங்கட்டி. உள்பக்கம் அந்தளவுக்கு வழுவழுப்பா இருக்கெண்டா அது ஒரு பருவம் ரெண்டு பருவம் பாவிச்சது இல்லை, ஒரு மனிசன்ர ஆயுள் அதில கிடக்கு. என்ர பெரியப்பா மரம் ஏறினவர். அவற்ற இடுப்பில இருந்த கட்டையின்ர மினுக்கம் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஆகவே அதைக் குசினிச் சாமானோட போடாதேங்கோ. தொழில் கருவி அது. மரத்துக்கு மேல நிண்டு செய்யிற தொழில்.

எழுத்தாணிக்கும் சொல்லுறன். மற்ற நுனிக் கத்தி வேற வேலைக்கில்லை, ஓலையை அளவா வாரிச் சீவுறதுக்குத்தான். எழுதிற ஆள் ஓலையும் சீவோணும், எழுதவும் வேணும், ரெண்டையும் ஒரே பிடியில மடக்கி இடுப்பில செருகிக்கொண்டு போவினம். அதனால அது ரெண்டு கருவி இல்லை, எழுத்து வேலைக்கான ஒரு கருவி. சாதகம் எழுதின வீட்டில இருந்து வந்திருந்தா அதையும் எழுதி வையுங்கோ.

மருதானை நானா:

அந்த மணிக்கூட்டப் பத்திச் சொல்லணும். மெஷின் இல்லன்டு எழுதினவர் பாவம், எப்பவுமே மெஷின் இருக்கல்ல அதுக்கு. அது சுண்ணாம்புக் கரண்டகம். சிங்களத்தில கில்லோட்டய. வெள்ளக்காரன்ட பொக்கட் மணிக்கூட்டப் பாத்து அந்த வடிவத்திலயே பித்தளையிலயும் வெள்ளியிலயும் செஞ்சிருக்காங்க, சங்கிலி கூட இருக்கும், சங்கிலிட நுனியில சுண்ணாம்பு எடுக்கிற சின்னக் கரண்டி. எங்கட உம்மம்மாட்ட ஒண்டு ஈந்திச்சு. எங்கட வாப்பா பித்தளச் சாமான் பாத்த ஆள், நான் சின்ன வயசிலேந்து இந்த வேலைக்குள்ள வளந்தவன்.

திறந்து பாருங்க, உள்ள மூலையில வெள்ளையா கல்லு மாதிரி ஒட்டியிருக்கும். தயவுசெஞ்சு அத சுரண்டிப் போடாதீங்க! சுண்ணாம்பு காத்தில கிடந்து கிடந்து சுண்ணாம்புக் கல்லாவே மாறின மிச்சம் அது. அதுதான் உங்கட சாட்சி. வேணுமெண்டா ஒரு ஊசி முனையளவு எடுத்து, சாமானுக்கு வெளிய, ஒரு கண்ணாடித் துண்டில வச்சு ரெண்டு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்க, நுரைக்கும். பித்தளய மினுக்கவும் வேணாம். மினுக்குற கிரீம் போட்டுத் தேச்சா செதுக்கின பூ வேலையும் சேந்து தேயும், நான் அப்புடிப் பாழான சாமான் எத்தனையோ கண்டிருக்கன்.

மாடியறை:

நானா, திறந்து பாத்தன், நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு மூலையில வெள்ளை. சங்கிலி அறுந்திருக்கு, ஆனா வளையம் இருக்கு. ரெஜிஸ்டரில "மணிக்கூடு" எண்டதை நான் வெட்டேல்ல, கீழ புதுசா எழுதித் திகதி போட்டிருக்கிறன்.

இப்ப இன்னொரு சிக்கல். இந்தக் கரண்டகம், 5 பாக்குவெட்டி, ஒரு படிக்கம், ஒரு வெத்திலைத் தட்டம், எல்லாம் ஒரே கூட்டம். நொமென்கிளேச்சரில ஆளோட திரியிற சாமானுக்குள்ள புகைத்தல், போதைச் சாமான்களுக்கு எண்டு ஒரு உட்பிரிவு இருக்கு. தம்பி வெத்திலைச் சாமான் முழுக்க அதுக்குள்ள போட்டிட்டான். விதிப்படி பாத்தாச் சரிதான் எண்டு நானும் விட்டிட்டன்.

கொட்டாஞ்சேனை மாமி:

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இதுக்கு எழுதாம இருக்க ஏலாது. வெத்திலைத் தட்டம் போதைச் சாமானோ? என்ர கலியாணத்துக்கு வீடு வீடா வெத்திலை பாக்கு வச்சுத்தான் சொன்னவை. என்ர அப்பா செத்த வீட்டில வாசல்ல தட்டம் வச்சிருந்தது. பொன்னுருக்கலுக்கு வெத்திலை, ஏடு தொடக்கலுக்கு வெத்திலை, வீட்டுக்கு வந்த ஆள் சண்டைக்காரனா இருந்தாலும் முதல்ல தட்டத்தை நகர்த்தி வைக்கிறது. சப்பாத ஆக்களும் தொட்டிட்டு வைப்பினம், அது மரியாதை. அந்தத் தட்டத்தை நீங்கள் சுருட்டுப் பெட்டியோட வச்சா நாளைக்கு உங்கட மாடிக்கு வாற ஒரு சின்னப் பிள்ளை எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?

பிள்ளை, உங்களில கோவம் இல்லை. ஆனா அதை மாத்துங்கோ.

ரெயில்பிரியன்:

மாமி சொல்றது சரி, ஆனா மற்றப் பக்கத்தையும் விட ஏலாது. பாக்கில புற்றுநோய் வரும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004 அறிக்கையிலயே சொன்னது, புகையிலை சேர்க்காட்டியும்கூட. என்ர தாத்தாவுக்கு வாயில வந்துதான் போனவர். படிக்கத்தையும் சுண்ணாம்புக் கரண்டகத்தையும் தினம் சப்பின ஆள் பாவிச்சவர், அது அவற்ற பழக்கம். அதை மறைக்கவும் வேண்டாம்.

அட்டவணை:

ரெண்டு பேரும் சொல்லுறது ரெண்டு சாமானைப் பற்றி. தட்டம் நாலு பேருக்கு முன்னால வைக்கிறது. கரண்டகம் ஒருத்தற்ற மடியில இருக்கிறது. வெத்திலை எண்டு ஒரு சொல் ரெண்டுக்கும் வாறதால நாங்கள் ஒரே கூட்டம் எண்டு நினைக்கிறம். யார் பாவிச்சது, எத்தினை பேருக்கு நடுவில பாவிச்சது எண்டு கேட்டாத் தானாப் பிரியும். தட்டத்துக்குச் சடங்கு, உபசாரம். கரண்டகத்துக்கும் பாக்குவெட்டிக்கும் ஆளோட திரியிற சாமான், அதில எந்த உட்பிரிவும் போட வேண்டாம், பொதுவா விடுங்கோ, பக்கத்துக் கட்டத்தில "வெத்திலை" எண்டு ஒரு தேடுசொல். மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாப் படியும் நிரப்போணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை.

இங்கிலாந்தில 1983இல சமூக வரலாற்று மியூசியங்களுக்கு எண்டு செய்த இன்னொரு முறை இருக்கு, அதில பெரிய வகை நாலே நாலுதான்: சமூக வாழ்வு, வீட்டு வாழ்வு, தனி ஆள் வாழ்வு, தொழில் வாழ்வு. சாமானைப் பாக்காமல் வாழ்க்கையைப் பாக்கிற முறை அது. பாளைக்கட்டை தொழில், கரண்டகம் தனி ஆள், தட்டம் சமூகம். ரெண்டாவது கட்டத்துக்கு இந்த நாலையும் எடுத்து வச்சா உங்களுக்கு நல்லா உதவும்.

ரெயில்பிரியன்:

நன்றி அக்கா. இப்ப என்ர விசயத்துக்கு வாறன், தண்டவாளத் துண்டு! தயவுசெய்து அதின்ர பக்கவாட்டை வடிவாப் பாருங்கோ. மேல சில்லு ஓடுற தலை, கீழ அகலமான அடி, நடுவில ஒடுங்கின பகுதி இருக்குமே, அந்த ஒடுங்கின பகுதியில இரும்பு உருட்டேக்கயே புடைப்பா எழுத்து விழும். செய்த கொம்பனி, வருசம், ஒரு யார் நீளத்துக்கு எத்தினை றாத்தல் எண்டது. துரு மூடியிருந்தா சுரண்ட வேண்டாம், லைட்டை நிப்பாட்டிப்போட்டு டோர்ச்சைப் பக்கத்தில சரிச்சுப் பிடிச்சா நிழல்ல எழுத்து எழும்பும். இல்லாட்டி மெல்லிய பேப்பரை வச்சுப் பென்சிலால தேயுங்கோ.

உயரத்தையும் அளந்து சொல்லுங்கோ. எங்கட பெரிய பாதை அஞ்சரை அடி அகலம், தண்டவாளமும் மொத்தம். களனிவெளிப் பாதை முந்தி ரெண்டரை அடிக் குறும்பாதை, அதின்ர தண்டவாளம் மெல்லிசு. ரெண்டு பேர் தூக்க வேணும் எண்டா பெரிய பாதை எண்டுதான் தோணுது. எங்க இருந்து வந்தது?

மாடியறை:

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மணியாத் தொங்கினது. தந்தவர் அங்க படிப்பிச்ச மாஸ்டர், இப்ப கொழும்பில மகளோட இருக்கிறார். எழுத்து இருக்கு! 88 எண்டு ஒரு இலக்கம் வடிவாத் தெரியுது, மற்றது துருவுக்குள்ள. அடிச்சு அடிச்சு ஒரு இடம் குழி விழுந்திருக்கு.

ரெயில்பிரியன்:

88 எண்டா அனேகமா ஒரு யார் நீளத்துக்கு 88 றாத்தல், அப்ப பெரிய பாதைதான். காங்கேசன்துறை வரைக்கும் பாதை 1905இல போட்டு முடிஞ்சது. 1990இல யாழ்தேவி ரெயில் நிண்டது, பேந்து வடக்கில பாதையே இல்லாமப் போச்சு, தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பங்கருக்குக் கழட்டினவை. 2014 ஒக்டோபரிலதான் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு ரெயில் போனது. அப்ப உந்தத் துண்டு எப்ப மணியானது எண்டதை மாஸ்டரிட்டக் கேளுங்கோ. முந்தியே பாதை திருத்தேக்க கழிச்சு விட்ட துண்டெண்டா ஒரு கதை, 90க்குப் பிறகெண்டா இன்னொரு கதை.

வகையெண்டு பாத்தா எனக்கு ரெயில் சாமானா வைக்கத்தான் ஆசை. ஆனா ஓட்டை துளைச்சுத் தொங்கவிட்ட நிமிசமே அது மணி. அளவா வெட்டி, இடம் பாத்துத் துளைச்சு, தட்ட ஒரு இரும்புக் கம்பியும் வச்சிருப்பினம். புதுசா ஒரு சாமானைச் செய்திருக்கினம்தானே. ஒலியால செய்தி சொல்ற கருவிகள் எண்டு ஒரு பிரிவு இருக்கும், அதுக்குள்ள போடுங்கோ. முதல் வேலை எண்ட கட்டத்தில தண்டவாளம்.

அட்டவணை:

இதே சிக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையிலயே நிக்குது பாருங்கோ. 1409ஆம் ஆண்டுத் திகதி போட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, சீனம், தமிழ், பாரசீகம் மூண்டிலயும் எழுதினது. சீனத்தில புத்தருக்கு, தமிழில தெனாவரை நாயனார் எண்ட தெய்வத்துக்கு, பாரசீகத்தில அல்லாவுக்குக் காணிக்கை. அந்தக் கல்லை 1911இல காலியில கண்டெடுக்கேக்க அது ஒரு மதகுக்கு மூடியாக் கிடந்தது. ஆனா ஒருத்தரும் அதை மதகு மூடி எண்டு வகைப்படுத்தேல்ல, ஏனெண்டா கல்லில ஒரு மாற்றமும் செய்யேல்ல, தூக்கிப் போட்டது மட்டும்தான். தண்டவாளத்தில வெட்டும் துளையும் இருக்கு. மாற்றிச் செய்தால் புது வேலை, சும்மா வேற இடத்தில வச்சால் பழைய வேலை. இதை உங்கட விதியா ஒரு தாளில எழுதிச் சுவரில ஒட்டுங்கோ, இல்லாட்டி அடுத்த வருசம் வாற பிள்ளை வேற மாதிரிச் செய்யும்.

பனையடி:

அப்ப ஜாம் போத்தலும் சைக்கிளும் அந்த விதியிலயே முடியும். ஆனா நான் இதைச் சும்மா ஒரு வரியில விடமாட்டன், ஏனெண்டா ரெண்டையும் கையால செய்தனான்.

90இல கரண்ட் போனது. மண்ணெண்ணெய் வாறதில்லை, வந்தாலும் வாங்கேலாத விலை. லாந்தர் எண்ணெய் குடிக்கும். அப்பதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள்ள அடியில கொஞ்சம் பஞ்சு, அதில எண்ணெய் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு, சைக்கிள் ரியூப் வால்வின்ர குழாய்க்குள்ளால பருத்தித் திரி, அதைக் கம்பியால நேரா நிக்க வைக்கிறது. போத்தலே சிம்னி, காத்துக்கு நூராது. அந்த வெளிச்சத்தில ஓஎல் படிச்ச ஆக்கள் இண்டைக்கு டொக்டர் எஞ்சினியரா உலகம் முழுக்க இருக்கினம். அதை "போத்தல்" எண்டோ "கழிவுப்பொருள் மீள்பாவனை" எண்டோ எழுதினா எனக்கு மனசு நோகும். அது விளக்கு. லாந்தர் எப்பிடி விளக்கோ அப்பிடியே. வீட்டு வெளிச்சம் எண்ட பிரிவில குத்துவிளக்குக்குப் பக்கத்தில வையுங்கோ.

அரைச் சைக்கிள் எண்டது பின்சில்லும் பெடலும் டைனமோவும் மட்டும் இருக்கிறதோ? அது ரேடியோவுக்குக் கரண்ட் எடுக்கிற மெஷின். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். நாலு பற்றறி போடுற ரேடியோவுக்கும் 6 வோல்ட்தான், பொருந்தி வந்திட்டுது. டைனமோவில வாறது மாறி மாறி ஓடுற கரண்ட், அதனால நடுவில டயோட் போடோணும், பழைய உடைஞ்ச ரேடியோக்களில இருந்து கழட்டி எடுத்தனாங்கள். பின்னேரச் செய்திக்கு ஒருத்தன் மிதிக்க, பத்து வீடு சுத்தி நிண்டு கேக்கும். மிதிக்கிறவன் களைச்சால் சத்தம் இறங்கும், உடன இன்னொருத்தன் ஏறுவான். மரச்சட்டத்தில வயர் கட்டின அடையாளம், ஆணி, ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ. போக்குவரத்தில போடாதேங்கோ, அது ஒரு இடத்துக்கும் போகேல்ல. மின்சாரம் எடுக்கிற கருவி.

மாடியறை:

அண்ணை, சட்டத்தில ரெண்டு ஆணியும் கறுத்த ரேப்பும் இருக்கு. நான் அதைப் போன வருசம் "கழிவு" எண்டு பிரிக்க இருந்தனான். தந்த குடும்பம் இப்ப நாட்டில இல்லை, ரெஜிஸ்டரில "சைக்கிள் பாகம்" எண்டு மட்டும் இருக்கு. நீங்கள் எழுதினதை அப்பிடியே அந்த வரியோட சேர்க்க விடுவியளோ?

பனையடி:

சேருங்கோ. யார் சொன்னது, எப்ப சொன்னது எண்டும் எழுதுங்கோ. நான் செய்தது வேற, உங்கட சட்டம் வேற ஆள் செய்தது, அதைக் கலக்க வேண்டாம்.

மாடியறை:

இப்ப மிச்சம் அந்த வட்டத் தகரம். நாணயத் தட்டில டச்சுக்காசு, கோப்பி மில் டோக்கன் எல்லாத்தோடயும் கிடந்தது. விளிம்பு நெளிஞ்சிருக்கு, மேல ஒரு ஓட்டை, ரெண்டு வரிசையா நம்பர் அடிச்சிருக்கு. ராசா தலை இல்லை, விலை இல்லை. "டோக்கன்" எண்டு போட்டிருக்கிறம்.

மருதானை நானா:

கோப்பி டோக்கன் வேற. கொழும்பில கோப்பி மில் இருந்த காலத்தில கோப்பி புடைக்கிற பொம்பளைகளுக்குக் கூலியாக் குடுத்தது, கொம்பனிப் பேர் அடிச்சிருக்கும், 1843 போட்டது கூட ஈக்கி. பித்தளை, செம்பு. உங்கட தகரம் அது இல்ல. ஓட்டை போட்டா காசு செல்லாதே, யார் காசில ஓட்டை போடுவான்?

லயத்துப்பிள்ளை:

நான் இதுல புதுசு, வத்தளையில இருக்கேன், அம்மா அப்பா ஹட்டன் பக்கம் தோட்டம். இத வாசிச்சதும் கை நடுங்கிருச்சு. அக்கா, அது டோக்கன் இல்ல. டின் டிக்கெட்.

1900கள் தொடக்கத்துல வந்த முறை இது. தமிழ்நாட்டுல இருந்து கங்காணி ஆள் கட்டி அனுப்பும்போது ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தகர வில்லைய குடுப்பாங்க, அதுல தோட்டத்துக்கு உள்ள நம்பர் அடிச்சிருக்கும். அந்த ஓட்டைல கயித்த கோத்து கழுத்துல போட்டுக்கிட்டுதான் கப்பல் ஏறுறது, மண்டபம் முகாம், ராகமை முகாம், ரயிலு எல்லாம். வழியில எழுதப் படிக்கத் தெரியாதவங்கள பேரு ஊரு கேக்க வேண்டியதில்ல, நம்பர பாத்து எந்தத் தோட்டத்துக்கு அனுப்பணும்னு அனுப்பிருவாங்க. செலவு தோட்டத்துக் கணக்குல ஏறும், அது சுத்தி வந்து கடைசில அந்த ஆளோட கடனாவே நிக்கும். எங்க பாட்டியோட அம்மா அப்படி வந்தவங்க. பாட்டி சொல்லும், "ஆத்தா கழுத்துல தாலிக்கு முன்னாடி தகரம் ஏறிச்சு"ன்னு. அத வீட்டுல யாரும் வச்சிக்கல, வச்சிக்கிற சாமானா அது? பெரட்டுல, அதான் தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற எடத்துல, நின்னு பேரு பதிஞ்ச கையோட தூக்கிப் போட்டிருப்பாங்க. அதனாலதான் இப்ப கிடைக்கிறதே அபூர்வம்.

தயவு செஞ்சு அத காசோட வைக்காதீங்க. அது காசு இல்ல. ஒரு ஆளோட பேருக்குப் பதிலா தொங்கினது. இன்னொண்ணு, துண்டுன்னு ஒண்ணு பழைய புத்தகத்துல வரும், அத இதோட போட்டு குழப்பிக்காதீங்க. துண்டுங்கிறது காகிதம், இந்த ஆள் கடன கட்டினா விடுறோம்னு ஒரு தோட்டம் எழுதிக் குடுக்கிறது, அத 1921ல சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. இது தகரம்.

எந்த வகைன்னு எனக்கு சொல்லத் தெரியல. ஆனா எங்கள மாதிரி ஒரு ஆள் வந்து பாத்தா, எங்க இருக்குன்னு தேடாம கண்டுபுடிக்கிற மாதிரி வைங்க.

அட்டவணை:

பிள்ளை, இதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுத ஏலாமல் இருந்தனான்.

வகை: ஆளை அடையாளம் காட்டுறது. அதுதான் அது செய்யப்பட்ட வேலை. நாலு வாழ்வில தொழில் வாழ்வு எண்டு போடலாம், ஆனா கழுத்தில இருந்தது, அதனால தனி ஆள் வாழ்வும் போடுங்கோ, ரெண்டையும் போடுங்கோ. பெயர்க் கட்டத்தில "டின் டிக்கெட்" எண்டே இருக்கட்டும், பாவிச்ச ஆக்களின்ர சொல்லுத்தான் முதல் பெயர். இவ்வளவு நேரமும் நாங்கள் கதைச்சதில எனக்கு இதுதான் கண்ணுக்குப் படுது மாடியறை: பாளை இடுக்கிற கட்டை, கரண்டகம், டின் டிக்கெட், ஒவ்வொண்டும் இதரவுக்குள்ள போனது வகை இல்லாததால இல்லை. அதின்ர பேர் தெரிஞ்ச ஆள் அந்த அறைக்குள்ள இருக்கேல்ல. எக்செல்லில முதல் கட்டத்தை மாத்துங்கோ. வகை முதல் இல்லை, பேர் முதல், அந்தப் பேரை யார் சொன்னது எண்டது ரெண்டாவது, வகை பேந்து வரட்டும்.

கொட்டாஞ்சேனை மாமி:

அந்தத் தகரத்தைத் தனிய ஒரு துணியில வையுங்கோ பிள்ளை. காசோட உரசாமல்.

மாடியறை:

மாமி, வச்சிட்டன். பழைய வெள்ளைப் பருத்திச் சீலைத் துண்டு, தோய்ச்சுக் காயவிட்டது.

ஒரு கிழமை கழிச்சு எழுதுறன், இடையில கனக்க நடந்திட்டுது. கட்டங்களை மாத்தினம். இப்ப 61இல 38க்குப் பேர் இருக்கு. பாதிக்கு மேல இங்க நீங்கள் சொன்னதாலயும், நீங்கள் சொன்னதை வச்சு நாங்கள் ஆக்களிட்டப் போய்க் கேட்டதாலயும் கிடைச்சது. மாஸ்டரிட்டப் போன் எடுத்தன். தண்டவாளம் 90க்குப் பிறகுதான் தொங்கினதாம், அதுக்கு முந்தி இருந்த வெண்கல மணி இடம்பெயரேக்கத் துலைஞ்சு போச்சாம், முதல் நாள் அதை அடிச்சது தான்தான் எண்டு சொல்லேக்க அவற்ற குரல் மாறிட்டுது. ரெயில்பிரியன் தம்பிக்கு இது. வெத்திலைத் தட்டம் கண்ணாடி மேசைக்கு வந்திட்டுது, கதவால வந்த உடன கண்ணில படும். ஜாம் போத்தல் குத்துவிளக்குக்குப் பக்கத்தில.

லேபலும் மாத்தினம். கடல் காத்துக்கு ஸ்ரிக்கர் எல்லாம் உரிஞ்சு நம்பரே இல்லாமல் போன சாமான் இருந்தது. இப்ப பருத்தி நூலில கட்டின மட்டைத் துண்டு, பென்சிலால எழுதினது, பேனை இல்லை. ஊசி, கிளிப் ஒண்டும் இல்லை, அதுகள் துருப்பிடிக்குது.

மிச்சம் 23. அதுக்கு 10ஆவது வகையைத்தான் போட்டிருக்கிறம், ஆனா "பயன் தெரியாது" எண்டு முழுசா எழுதி, அளவு, பாரம், என்னத்தால செய்தது, எங்க தேஞ்சிருக்கு, யார் தந்தது எல்லாத்தோடயும். இதர எண்ட சொல்லை எடுத்திட்டம். ஒவ்வொண்டாப் படம் எடுத்து இங்கயே போடப்போறன்.

டின் டிக்கெட்டுக்கு எழுதினதைக் கீழ தாறன், லயத்துப்பிள்ளை பாத்துத் திருத்தோணும்.

"2011.7.3. பெயர்: டின் டிக்கெட். பெயர் சொன்னவர்: தோட்டத்துக் குடும்பத்தில பிறந்த ஒருவர், தன் பாட்டியிட்டக் கேட்டது. தகர வில்லை, வட்டம், மேலே ஒரு துளை, இரண்டு வரிசை இலக்கம். ஆளை அடையாளம் காட்ட, கழுத்தில் அணிய. முன்னர் நாணயத் தட்டில் 'டோக்கன்' எனப் பதியப்பட்டிருந்தது. துளையின் உட்பக்கத்தில் நூல் நார் சிறிதளவு உள்ளது, அகற்றக் கூடாது."

அந்தக் கடைசி வரி முந்தாநாள் எழுதினது. லென்ஸ் வச்சுப் பாக்கேக்கதான் கண்டன். கயிறு கொஞ்சம் இன்னும் இருக்கு.

லயத்துப்பிள்ளை:

அக்கா, ஞாயித்துக்கெழம அம்மாவ கூட்டிக்கிட்டு வரலாமா? அவங்களுக்கு 74. படி ஏறுவாங்க, மெதுவா. புறக்கோட்டையில இருந்து எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க.

மாடியறை:

வாங்கோ, கட்டாயம் வாங்கோ. புறக்கோட்டையில 100 இல்லாட்டி 101இல ஏறினா காலி வீதியால நேர வெள்ளவத்தை. 3 மணிக்குப் பிறகு வாங்கோ, அப்ப அறைக்குள்ள வெயில் குறைஞ்சிடும். படியில லைட் இல்லை, கீழ நிண்டு ஒருக்காக் கூப்பிடுங்கோ, நான் டோர்ச்சோட இறங்கி வந்து அம்மாவைப் பிடிக்கிறன்.